ஒட்டு பேசும் வரை

போன மாதம் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்காரும் நித்யா பேசினாள்.

“அண்ணே, அந்த எட்டிக்கொட்டை பாட்டிலை எங்கண்ணே வெச்சீங்க? ரூமையே கவுத்துப் பாத்துட்டோம்.”

“கீழ் அலமாரி. பழைய தராசுப் பெட்டிக்குப் பின்னாடி. சிவப்பு மூடி.”

“அங்க எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?”

“விஷம்மா அது. கூட்டிப் பெருக்க வர்றவங்க கை பட்டுடக் கூடாதுன்னுதான்.”

புது நுண்ணோக்கி வந்திருக்கிறதாம். குனிந்து கண்ணை வைக்கத் தேவையில்லை, சுவரில் பெரிய திரை, எல்லோரும் ஒன்றாகப் பார்க்கலாம். முதலில் எதைப் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது ஒரே குரலில் எட்டிக்கொட்டை என்றார்களாம். “நீங்களும் வாங்கண்ணே. பெருசா தெரியும், உங்க கண்ணுக்கும் சிரமம் இருக்காது” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். “அப்படியே ஆய்வக ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்தையும் எழுதிக் குடுத்துடுங்க” என்றும் சொன்னாள். போனை வைத்த பிறகு வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருந்தேன். சுவர்கள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

எட்டி தெரியாதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. பழம் ஆரஞ்சு போல உருண்டு தொங்கும், ஆடு மாடு முகர்ந்துகூடப் பார்க்காது. உள்ளே விதை சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக, பட்டு மயிர் போர்த்தி, சாம்பல் நிறத்தில் இருக்கும். அதைத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, சவரக் கத்தியால் சீவி, ஒரு சொட்டு அயோடின் விட்டு நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு காட்சி கிடைக்கும். அதற்காகத்தான் நான் இந்த வேலையிலேயே தங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

செடியில் ஒவ்வொரு செல்லும் தன்னைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. நமக்கு இருப்பது போல நரம்பு கிடையாது, எழுந்து போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டக் காலும் கிடையாது. ஆனால் அந்தச் சுவரில் வழிகள் உண்டு. தலைமயிரை நூறாக வகிர்ந்தாலும் அவ்வளவு மெலிதாகாது. அந்த வழியில் ஒரு செல்லின் உயிர்ச்சாறு இழையாகப் போய் அடுத்த செல்லின் சாறோடு கலந்திருக்கும். சர்க்கரை அதில்தான் போகிறது. பூக்கச் சொல்லும் சேதியும் அதில்தான் போகிறது. வைரஸ் நோயும் அதே வழியில்தான் பரவுகிறது. நோய் வந்தது தெரிந்தால் செல் அந்த வழியின் கழுத்தில் ஒரு பசையை வைத்து இறுக்கிக்கொள்ளும். நோய் நிற்கும், கூடவே சோறும் நிற்கும். இப்படிச் சாத்திக்கொண்டு பட்டினி கிடந்த வெண்டைச் செடிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

புத்தகத்தில் இதற்குப் பிளாஸ்மோடெஸ்மேட்டா என்று பெயர். எங்கள் நிர்மலா மேடம் ‘வழி’ என்று மட்டும் சொல்வார். மற்ற செடிகளில் வழி சாதாரணக் கண்ணாடிக்குப் பிடிபடாது. எட்டிக்கொட்டையில் சுவர் ரொம்பத் தடிப்பு என்பதால் இழைகள் நீளமாக, சீப்பின் பல் மாதிரி வரிவரியாகத் தெரியும். அத்தனை நஞ்சுக்கு நடுவிலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும்.

தாவரவியல் பட்டத்தோடு வில்லியனூரிலிருந்து சைக்கிளில் போய் அந்த ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். கரும்பு, வாழை, கத்தரி என்று சுற்றுவட்டாரத்தில் எந்தச் செடிக்கு நோய் என்றாலும் எங்களிடம் வரும். பாகூர்ப் பக்கத்திலிருந்து நெல், திருக்கனூர்ப் பக்கத்திலிருந்து காய்கறி. என் வேலை சீவுவது. இலையை நெட்டித்தண்டின் பிளவில் செருகிப் பிடித்து, கத்தியை நனைத்து, தன் பக்கமாக ஒரே இழுப்பு. அழுத்தினால் நசுங்கும், தயங்கினால் சீவலில் படிக்கட்டு மாதிரி தடம் விழும். சீவியது தண்ணீரில் மிதக்கும்போது கண்ணுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் தடிப்பு. முதல் ஆண்டு முழுக்க எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

மேடம் ஒருநாளும் திட்டியதில்லை, ஒருநாளும் பாராட்டியதுமில்லை. சிலைடை வைத்துக் குனிவார். சரியில்லை என்றால் உடனே நிமிர்ந்து, “தடிப்பு” என்று ஒரு சொல். சரியாக இருந்தால் பேச்சே வராது. குமிழைத் திருகிய கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். மின்விசிறி சுற்றும். வெளியே கரும்பு லாரி போகும். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த மௌனத்துக்காக நான் விரல்களை எத்தனை முறை வெட்டிக்கொண்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது அவர் மகள் வீட்டோடு வெளிநாட்டில் இருக்கிறார். எப்போதாவது போனில் பேசுவோம். நடுவில் அந்த மௌனம் வந்தால், சிக்னல் போய்விட்டதோ என்று நான் “ஹலோ, ஹலோ” என்று கத்தித் தொலைக்கிறேன்.

மேடத்திடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் கொண்டுவந்த செடியானாலும், கத்தி வைக்குமுன் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்து, “வெட்டலாமா?” என்று கேட்பார். அரை இலை மட்டும் கொண்டுவந்தவரிடமும் கேட்பார். நோய் பிடித்த செடிதானே, வெட்டாமல் வேறென்ன செய்வது என்று விவசாயிகள் சிரிப்பார்கள். அவர் காத்திருப்பார். “வெட்டுங்கம்மா” என்று வாயால் சொன்ன பிறகுதான் என் பக்கம் திரும்புவார். அந்தக் கேள்வி ஏன் என்று எனக்குப் புரிந்தது செல்லிப்பட்டு ஆரோக்கியமேரி அக்கா வந்தபோதுதான்.

ஒரு புயல் முடிந்த மறுநாள். மின்சாரம் இல்லை, வளாகத்தில் பாதி மரம் சாய்ந்து கிடக்கிறது. ஈரக் கோணிச் சாக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா வாசலில் நிற்கிறார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர்.

“இன்னாக்கா, இந்த மழையில?”

“மரம் வுழுந்துடுச்சு சார். எங்க வூட்டு மாமரம். பாதி வேரு இன்னும் மண்ணுலதான் கீது. ஒட்டு கட்டுனா பொழைக்கும்னாங்க. குச்சி ஒடிச்சாந்தேன்.”

“நல்ல ஒட்டுக் கன்னா நர்சரியில வாங்கி வெச்சிக்கலாமேக்கா. இது இன்னா ரகம்?”

“ரகமா? புளிக்கும். கடசீல கொஞ்சோண்டு இனிக்கும். அத்தோட பேரு எங்களுக்குத் தெரியாது.” சாக்கை இறக்கி வைத்தார். “எங்கம்மா ஊரு நெலமெல்லாம் நாத்து நட்டுச்சு சார். ஒரு மொளம்கூட எங்களுது இல்ல. மனைப்பட்டா குடுத்த அன்னிக்கி நட்டது இது. ஊருல எல்லா மரமும் யாரோடதோதான். இது ஒண்ணுதான் எங்களுது.”

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் சாக்குக்குள் கைவிட்டு ஒரு குச்சியை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை. “கட்டுங்க குமரன்” என்றார்.

குச்சிகளில் பெரும்பாலானவை காற்றில் அடிபட்டு நைந்திருந்தன. தேறியவற்றை எங்கள் மாங்கன்றுகளின் மேல் கட்டினேன். குச்சியின் அடியை ஆப்பு மாதிரி இருபுறமும் சீவி, கன்றின் தலையைக் கிள்ளிப் பிளந்து, பட்டையோடு பட்டை சேரச் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். மேலே குச்சி ஐஸ் உறையைக் குல்லாய் மாதிரி கவிழ்க்க வேண்டும். உள்ளே நடப்பதை அக்காவுக்கு விளக்கினேன். வெட்டுப்பட்ட இரண்டு பக்கமும் புதுச் செல்களைத் தள்ளும். அவை நடுவில் முட்டிக்கொள்ளும். அங்கேயும் முதலில் சுவர்தான். பிறகு அந்தச் சுவரில் புதிதாக வழி திறக்கும். அந்நிய மரமும் இந்த மரமும் அந்த வழியில் பேச ஆரம்பித்தால் ஒட்டுப் பிடித்தது என்று அர்த்தம்.

“பேசிக்குமா?” அக்கா கண்ணை விரித்தார். “எவ்ளோ நாளு ஆவும்?”

“ஒரு மாசத்துக்கு மேலயே ஆவலாம். அதுவரைக்கும் கட்டைத் தொடவே கூடாது.”

பாதியை எங்கள் நிழல்வலையில் வைத்துக்கொண்டோம், பாதியை அவர் எடுத்துப் போனார். இரண்டாவது வாரம் வந்தார், சிரித்த முகமாக. துளிர் விட்டிருக்கிறதாம், செம்பு நிறத்தில். அடுத்த வாரம் முகம் தொங்கிப் போய் வந்தார். எல்லாம் கருகிவிட்டன.

“கட்டை அவிழ்த்தியாக்கா?”

“தெனம் சாயந்தரம். சும்மா பேசிக்கிச்சான்னு பாத்துட்டு உடனே கட்டிட்டேன் சார். லேசாத்தான்.”

லேசாகத்தான். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போதும், திறந்த வழி அத்தனையும் அறுந்துபோகும். மறுநாள் மறுபடி தொடங்கும், மாலையில் மறுபடி அறுபடும். அந்த ஆசையை என்னவென்று திட்டுவது? அதே ஆசையை வைத்துக்கொண்டுதானே நானும் சம்பளம் வாங்கினேன். எதையும் அறுத்துப் பார்க்காமல் ஒருநாளும் என்னால் நம்ப முடிந்ததில்லை.

ஒட்டாமலே துளிர்த்தது எப்படி என்று அக்கா கேட்டார். சொன்னேன். குச்சியிலேயே கொஞ்சம் சேமிப்பு இருக்கும். ஒட்டுப் பிடிக்காவிட்டாலும் அதைத் தின்று துளிர்விடும், தீர்ந்ததும் கருகும். இலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

எங்கள் நிழல்வலையில் மூன்றே மூன்று மிஞ்சியிருந்தன. மூன்றிலும் துளிர் இருந்தது. அக்கா அவற்றைப் பார்க்கும் பார்வையே வேறாக இருந்தது. ஒன்று அவருக்கு. ஒன்று பாகூரில் கட்டிக்கொடுத்த தங்கைக்கு. ஒன்று திருக்கனூரில் இருக்கும் சின்னவளுக்கு. அம்மா போன பிறகு மூவரும் சேர்ந்து உட்காருவது அந்த மரத்தடியில்தானாம், வருஷத்தில் ஒரு தடவை, காய் பறிக்கும்போது.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. விழுந்த மரம் தெருவின் வடிகால் வாய்க்காலை அடைத்துக் கிடந்தது. இடையில் பெய்த ஒரு மழைக்கே இரண்டு வீட்டில் தண்ணீர் ஏறிவிட்டது. வங்கக் கடலில் இன்னொரு தாழ்வு நிலை என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. தெருவே மரத்தை அறுக்கச் சொல்கிறது. அக்கா விடவில்லை.

“ஒட்டு பேசிக்கிச்சுன்னு தெரிஞ்சா அறுக்க வுட்டுடுவேன் சார். பேசிக்கலன்னா மறுபடியும் குச்சி வோணுமே? மரம் போயிட்டா எங்க போவேன்? பக்கத்து வூட்டுல கைக்கொழந்த வெச்சிகினு கீறா. தண்ணி ஏறுனா பாவம் என்னுதுதான். சொல்லு சார், பேசிக்கிச்சா?”

மேடம்தான் சொன்னார். “வெளிய இருந்து பாத்து சொல்ல முடியாதும்மா. ஒண்ணை அறுத்துப் பாத்தா தெரியும். ஒரே நாள்ல கட்டினது, ஒரே கை. ஒண்ணுல வழி திறந்திருந்தா மத்ததுலயும் திறந்திருக்கும்னு நம்பலாம். ஆனா அறுத்தது அறுத்ததுதான். திரும்ப வராது.” பிறகு கேட்டார்: “வெட்டலாமா?”

அந்தக் கேள்வியை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது.

அக்கா மூன்று பைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிப் பார்த்தார். எது உயரம், எதில் துளிர் அதிகம் என்று அவர் கண் அளப்பதைப் பார்த்தேன். சின்னதாக இருந்ததைக் கீழே வைத்தார். இருப்பதிலேயே தளதளவென்று இருந்ததை மேடத்தின் கையில் கொடுத்தார்.

“இது என்னுது. இத்த வெட்டுங்க.”

“சின்னதா இருக்கறதைக் குடுக்கலாமேக்கா” என்றேன்.

“சின்னத வெட்டிப் பாத்து, பேசலன்னு வந்தா, சின்னது அதான் பேசலன்னு மனசு சொல்லும் சார். வேணாம்.”

மேடம் பையை என்னிடம் நீட்டினார்.

நாடாவை அவிழ்த்தேன். ஒட்டுத் தண்டை மேலும் கீழும் ஒரு விரல் அகலம் விட்டு வெட்டினேன். நீளவாக்கில், இரண்டு மரமும் சேரும் கோடு நடுவில் வரும்படி சீவ வேண்டும். மாந்தண்டு இலை மாதிரி இல்லை. இளம் கட்டை, கத்தி துள்ளும். கத்தியைச் சாணைத்தோலில் தீட்டி நனைத்தேன். முதல் சீவல் தடிப்பு. இரண்டாவது கோட்டில் பிளந்துகொண்டது. அக்கா பக்கத்திலேயே நிற்கிறார். ஆறேழு இழுப்புக்குப் பிறகு ஒன்று தண்ணீரில் விழுந்தது, எனக்கே தெரியவில்லை. தூரிகையால் துழாவி எடுத்தேன். அனிலின் நீலத்தில் ஊறவிட்டேன். வழியின் கழுத்தில் அந்தப் பசை எப்போதும் ஒரு துளி இருக்கும். இந்த நீலம் அதைப் பற்றிக்கொள்ளும், புற ஊதா ஒளியில் மினுங்கும். இருட்டில் தெரு எங்கே போகிறது என்று விளக்குக் கம்பங்களை வைத்துக் கண்டுபிடிப்பது போலத்தான். வழி தெரியாது, வழி இருக்கிற இடம் தெரியும்.

ஊறுவதற்கு நேரம் பிடித்தது. அக்கா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி இழுத்துவிட்டு மேடம் குனிந்தார். குமிழைத் திருகினார். நான் “தடிப்பு” என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். கை மெல்ல நகர்ந்து மடிக்குப் போனது. மின்விசிறி சுற்றியது. நெடுநேரம்.

பிறகு எழுந்து அக்காவின் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். “ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டுப் பாரும்மா.”

“ஐயே, ஒண்ணியும் தெரியல… கருப்பாத்தான்… இரு இரு.” அப்புறம் குரல் மாறியது. “இன்னா சார் இது, கிறிஸ்மசுக்கு எங்க தெருவுல சீரியல் செட் போட்ட மாரி கீது!”

அவர் நகர்ந்ததும் நான் பார்த்தேன். இந்தப் பக்கம் அவருடைய மரம், அந்தப் பக்கம் எங்கள் கன்று. நடுவில் புதுச் செல்கள் ஒழுங்கில்லாமல், திருவிழாக் கூட்டம் மாதிரி. எது எந்த மரத்துடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவற்றின் சுவர்களில் புள்ளி புள்ளியாக வெளிச்சம், கோட்டைத் தாண்டி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை.

“வழி விட்டிருக்கு” என்றார் மேடம்.

அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “அப்ப அறுத்துக்கச் சொல்லிடறேன்.” வாசல்வரை போய்த் திரும்பினார். “அந்தக் கண்ணாடித் துண்ட எனுக்குக் குடு சார். அது என்னுது இல்ல?”

வெளிச்சம் சீக்கிரமே போய்விடும், வீட்டில் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது என்றேன். பரவாயில்லை என்று கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டு கன்றுகளும் கட்டுப் பிரிக்கும் பருவம் வந்ததும் பாகூருக்கும் திருக்கனூருக்கும் போயின. மரம் அறுபட்டது. மழை வந்தது, வாய்க்காலில் போனது.

எத்தனையோ சிலைடுகள் பார்த்த கண் இது. சில வருஷங்களில் வலது கண்ணின் நடுவில் ஒரு மங்கல் வந்தது, பிறகு இடதிலும் கொஞ்சம். எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் மறைகிறது, சுற்றியிருப்பதெல்லாம் தெரிகிறது. சீவுகிறவன் வேலையை விட்டுவிட இது போதும். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். காலையில் காபி டம்ளரின் விளிம்பு தெரிகிறது, காபி தெரிவதில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தப் புள்ளிகள் வருகின்றன. எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

இந்த வருஷம் மழை விட்ட பிறகு அக்கா போன் செய்தார்.

“தங்கச்சிங்க ரெண்டு பேரு வூட்டு மரமும் நல்லா வந்துடுச்சு சார். ஆளுக்கு ஒரு குச்சி அனுப்பிகிறாளுங்க. வந்து கட்டிக் குடு.”

“கண்ணு சரியில்லக்கா. நித்யான்னு ஒரு பொண்ணு கீது, அனுப்பவா?”

“கண்ண மூடிகினு தாலியே கட்டிடறானுங்க. நாடா கட்ட இன்னா கேடு? வா சார்.”

போனேன். மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடித் துண்டு இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இடது கண்ணால் பார்த்தேன்.

“லைட்டு போயிடுச்சா?”

“அன்னிக்கே போயிருக்கும்க்கா.”

“போவட்டும். எரிஞ்சத பாத்தேன் இல்ல.”

பழைய மரம் நின்ற இடத்தில் அவர் முன்கூட்டியே ஒரு கொட்டை போட்டு வளர்த்திருந்தார். அது இரண்டு கிளை விட்டிருந்தது. ஒரு கிளையில் பாகூர்க் குச்சி, ஒரு கிளையில் திருக்கனூர்க் குச்சி. விரலாலேயே பார்த்துச் சீவினேன். பட்டையோடு பட்டை சேர்ந்ததா என்று கட்டைவிரல் நகத்தால் தடவிச் சரிபார்த்தேன். அக்கா நாடாவை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று வாரம் பொறுத்தேன். நேற்று பொறுக்க முடியவில்லை, செல்லிப்பட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். இரண்டிலும் துளிர் விட்டிருந்தது. செம்பு நிறம் என்று அக்கா சொன்னார், எனக்குக் கலங்கலாகத்தான் தெரிந்தது. இலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். குனிந்தேன். நாடாவின் முனை விரலில் தட்டுப்பட்டது. லேசாகத்தான். அந்த ஒரு சுற்றை மட்டும் நெகிழ்த்தி விரலால் தடவினால் தெரிந்துவிடும், இணைந்திருக்கிறதா என்று மட்டும், உடனே கட்டிவிடலாம்.

மணிக்கட்டில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

“கைய எடு சார்” என்றார் அக்கா. “அதுங்க பேசிகினு கீதுங்க.”